எரியாத கை

தூத்துக்குடிக்கு அப்பால், கடலடி நிலையத்தில் வேலைக்கு ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. யாருடைய கை அதிக இருட்டோ அவருக்குத்தான் அது. அக்கா ஜெசிந்தாவும் தங்கை எமரன்சியாவும் ஊதா விளக்கின் கீழ் கைகளை நீட்டினார்கள்.

பிறந்த குழந்தைக்கும் ரத்தத்தில் ஒளியுளவியை ஏற்றிவிடும் காலம் அது. உடம்புக்குள் உயிர்வளி வெறிகொண்டு உயிரணுக்களைச் சுடத் தொடங்கினால், உளவி அங்கே போய் ஒட்டிக்கொண்டு ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். புற்றோ இதயநோயோ முளைக்கும் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். கை இருண்டிருந்தால் ஆரோக்கியம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட விளக்கோடுதான் வந்தார்கள்.

ஜெசிந்தாவின் கை பாசி படிந்த பாறைபோல் மின்னியது. எமரன்சியாவின் கையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இடம் அவளுக்கே என்றார்கள்.

"எக்கா, கரண்டு போனா உன் கையே போதும்."

"வாய மூடுட்டி."

சின்ன வயதில் கட்டியும் காய்ச்சலுமாகக் கிடந்து அம்மாவின் மடியை முழுசாகப் பிடித்துக்கொண்டவள் தங்கை. இப்போது கடலையும் எடுத்துக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே திருக்கைகள் பறந்து போவதை ஜெசிந்தா எத்தனை முறை கனவு கண்டிருப்பாள்! பொறாமையும் உடம்பைச் சுடும், வெளிச்சம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

வழியனுப்பு விருந்துக்குக் கெளுத்தி மீன் ஆய்ந்தபோது முள் இருவர் விரலையும் பதம் பார்த்தது. ஜெசிந்தாவின் விரல் விளக்கின் கீழ் பச்சைத் தீயாக எரிந்தது, பிறகு ஆறிப்போனது. எமரன்சியாவின் விரல் வீங்கி நீலம் பாரித்தது. ஆனாலும் இருட்டு. "நலம்" என்றது விளக்கு.

"வலிக்குதாட்டி?"

"லேசா. விளக்கே நல்லாருக்குங்குது, பெறகென்ன?"

வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியதை ஜெசிந்தா பார்த்தாள். காயம்கூட இவளிடம் ஒளிராதா என்றுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறுபடியும் தங்கையின் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

எமரன்சியா காய்ச்சலில் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினார்கள். மருத்துவர் விளக்கைத் தள்ளிவைத்துவிட்டு ரத்தத்தைச் சோதித்தார்.

"கிருமியக் கொல்றதும் விளக்கு காட்டற அதே தீதான்மா. வெள்ளணு அத மூட்டித்தான் கிருமியப் பொசுக்கும். இவளுக்கு மூட்டவே வராது, பொறந்ததுலேர்ந்தே."

"விளக்கு நல்லாருக்குன்னுச்சே டாக்டர்?" என்றாள் ஜெசிந்தா.

"எரியறதத்தான் அது பாக்கும். எரிய வேண்டியது எரியலன்னா, அதுவும் அதுக்கு நலந்தான்."

மருந்துகள் காய்ச்சலை அடக்கின. ஆனால் இனி பயமில்லாமல் வாழ இன்னொருவரின் எலும்பு மஜ்ஜை வேண்டும். ஜெசிந்தாவுடையது பொருந்தியது. தங்கையின் முகத்தைப் பார்க்காமலே, மஜ்ஜை எடுக்கும் மேசையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கடலடி இடம் வேறொரு இருண்ட கைக்குப் போனது. அந்தக் கை ஏன் இருண்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து எமரன்சியா காய் நறுக்கும்போது விரலைக் கீறிக்கொண்டாள். மறுநாள் விரலை விளக்கின் கீழ் நீட்டினாள். பச்சைப் பொட்டு ஒன்று மெல்ல மலர்ந்தது.

"எக்கா, எரியுதுக்கா! இங்க பாரேன்!"

அம்மா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெசிந்தா சிரித்தபடி தன் கையையும் பக்கத்தில் நீட்டினாள். அவள் கொடுத்த நெருப்புதான். ஆனால் தங்கையின் விரலில்தான் அது அழகாக இருந்தது.

ஜெசிந்தாவின் கை இன்னும் கொஞ்சம் பச்சையானது.