ஆடு தின்ற கோட்டும் அண்ணனின் இணையதளமும்

அசோக்குமார் ஓர் இணையதளம் தொடங்கினான். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

அவன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு வேதியியல் மாணவன். அங்கே மாணவர்கள் எல்லாருக்குமாகப் போனில் ஒரு குழு உண்டு. யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் போதும். காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் கேக்குகளும் வந்து அந்தக் கேள்வியை மூடிவிடும்.

"நமக்குன்னு சொந்தமா ஒரு தளம் வேணும். கேட்ட கேள்வி கேட்ட இடத்துலயே நிக்கணும்" என்றான் அசோக்குமார்.

நல்ல யோசனைதான். அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. தளத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் போட்டான். திறப்பு விழா வைத்தான். பேராசிரியர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி, லேப்டாப்புக்கு முன்னால் ரிப்பன் வெட்டவைத்தான். தெருமுனையில் அவன் கும்பிட்டபடி நிற்கும் ஃபிளக்ஸ் வேறு.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் தங்கை முத்துமீனாவுக்கும் பதவி கிடைத்தது. வரவேற்புக் குழுத் தலைவி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு 'நல்வரவு' என்று தட்ட வேண்டும். பள்ளிவிட்டு வந்து தினமும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். தட்டுவதற்குத்தான் ஆளில்லை.

"ஒரு ஈ காக்கா கூட வரலண்ணே."

"தரமான ஆளுகளா வடிகட்டிக்கிட்டு இருக்கேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் மீனா விண்ணப்பங்கள் இருந்த பக்கத்தைத் திறந்தாள். திக்கென்றது. ஒரு பெருங்கூட்டம் அங்கே காத்துக்கிடந்தது. எல்லாருக்கும் மேலே சத்யப்ரியா, முதலாண்டு, ஊர் எழுமலை.

'எதற்காகச் சேர விரும்புகிறீர்கள்? இருநூறு சொற்களில் எழுதுக' என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தாள்:

"நாளைக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. என் வெள்ளைக் கோட்டை எங்க வீட்டு ஆடு தின்னுருச்சு. கோட்டு இல்லாம உள்ள விட மாட்டாங்க. எங்க வகுப்புல எல்லாருக்கும் நாளைக்கேதான் தேர்வு. சீனியர்கள் யாராவது ஒண்ணு தருவீங்களா? பழைய குழுவுல கேட்டேன், யாரும் பாக்கல."

அதற்குமேல் இருநூறு சொல் நிரம்பும்வரை 'தயவுசெய்து' என்றே எழுதியிருந்தாள்.

அடியில் அசோக்குமாரின் குறிப்பு: 'காரணம் பொருத்தமாக இல்லை. ஞாயிறு கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.'

"பரீட்சை நாளைக்குண்ணே. ஞாயித்துக்கிழமை கோட்டு கிடைச்சு என்ன செய்யும், அதையும் ஆட்டுக்குப் போடவா?"

"இது அறிவுப் பரிமாற்றத்துக்கான தளம். ஆடு மாடெல்லாம் இங்க வரக்கூடாது."

"அப்ப உன் கோட்டைக் குடு."

"எனக்கும் நாளைக்கு லேப் இருக்குல்ல?"

"எல்லாரும் பாக்குற மாதிரி அந்தக் கேள்வியையாவது உள்ள விடு."

"விதின்னு ஒண்ணு இருக்கு மீனா. சேர்றதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதுக்கே அலுத்துக்கிட்டா எப்படி?"

மீனாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்சம் யோசித்தாள். அம்மாவின் போனை எடுத்துவந்து நீட்டினாள்.

"இதுல புது ஆளு மாதிரி நீயே ஒருக்கா சேந்து காட்டு. நான் பாத்துக்கிறேன்."

அசோக்குமார் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான்.

அடையாள அட்டையைப் படமெடுத்துப் போட்டான். தெளிவாக இல்லை என்றது தளம். மறுபடி எடுத்தான். இருநூறு சொற்கள் எழுதினான். இரண்டு குறைகிறது என்று திருப்பி அனுப்பியது. அதைச் சேர்க்கப் போனதில் எழுதியது மொத்தமும் அழிந்துபோயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப எழுதி அனுப்பினான். 'இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைத்த பிறகே சேர்த்துக்கொள்ளப்படுவீர்கள்' என்று வந்தது.

"ஒரு ஆளையும் உள்ள விடாத இடத்துல உறுப்பினருக்கு நான் எங்க போக? எந்தக் கூறுகெட்டவன் இதையெல்லாம் வச்சான்?"

"தெருமுனையில கும்பிட்டுக்கிட்டு நிக்கிறானே, அவன்தான்" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

அசோக்குமாரின் காது சிவந்தது. லேப்டாப்பை இழுத்தான். ஒவ்வொரு விதியாக நீக்கினான். பெயரும் மாணவர் எண்ணும் மட்டும் மிஞ்சின. காத்திருந்தவர்கள் எல்லாரையும் உள்ளே விட்டான். சத்யப்ரியாவின் கேள்வியைப் பக்கத்தின் உச்சியில் போட்டான்.

மீனாவுக்கு நல்வரவு தட்டித் தட்டி விரல் வலித்தது. அதற்குள் பதில்கள் வரத் தொடங்கின.

"என்கிட்ட இருக்கு. முதுகுல மை கொட்டியிருக்கும், பரவாயில்லையா?" என்று இம்மானுவேல் எழுதினான்.

"என்னுது சுத்தமா இருக்கு. காலையில பஸ் நிறுத்தத்துல கொண்டாந்து தாரேன்" என்றாள் ஸ்ரீவர்ஷினி.

"அதெல்லாம் இருக்கட்டும், ஆடு நல்லா இருக்கா?" என்று கேட்டான் விஜய்ஆனந்த்.

மறுநாள் சாயங்காலம் சத்யப்ரியா எழுதியிருந்தாள்: "உள்ள விட்டுட்டாங்க. சோதிக்கக் குடுத்த உப்பு என்னன்னும் சரியா கண்டுபிடிச்சுட்டேன். கோட்டைத் திருப்பிக் குடுக்கப் போனேன், ஸ்ரீவர்ஷினி அக்கா வாங்கல. அடுத்து யாருக்காவது ஆகும்னு சொன்னாங்க. துவைச்சு வச்சிருக்கேன். யாருக்கு வேணும்?"

முதல் ஆளாக அசோக்குமார் தனக்கு வேண்டும் என்று எழுதியிருந்தான். அன்று காலை லேபில் அவன் கோட்டின் மேல் அமிலம் கொட்டிவிட்டது. கோட்டுப் பைக்குள் கையை விட்டால், விரல்கள் அடிப்பக்கமாக வெளியே வந்து எட்டிப் பார்த்தன.