ரெண்டே முக்கால் மணி அபராதம்

போன் அலறியது!

அச்சகக்காரரால் எடுக்க முடியவில்லை. அவர் சட்டைக் காலர் இன்ஸ்பெக்டரின் பிடியில் இருந்தது.

எதிரே வங்கி மேனேஜர் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்... காலடியில் கண்ணாடி பேப்பர்வெயிட்.

"எடுய்யா. ஸ்பீக்கர்ல போடு."

"மாமா!" மைத்துனனின் குரல் உடைந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் குடுத்த செக் திரும்பிடுச்சு! ஆறு மணிக்குள்ள பணம் கட்டலைன்னா காலையில அக்காவுக்கு ஆபரேஷன் கிடையாதாம்!"

"வரேன்டா..." என்றார்.

எங்கே வருவது?

அக்கவுண்டன்ட் தொண்டையைக் கனைத்தார். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கூடக் கலையாத மனிதர்.

"இவர்தான் சார்! ஒரு மணிக்கு உள்ள வந்து காட்டுக் கத்தல். அப்புறம் விறுவிறுன்னு போயிட்டார். அதுக்கப்புறம் ஒரு ஈ கூட உள்ள போகலை. கதவுக்கு நேரா நான்தானே உட்கார்ந்திருக்கேன்! மூணு மணிக்குத் திறந்து பார்த்தா..."

போலீஸ் டாக்டர் நிமிர்ந்தார். "உயிர் போய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

மணி மூன்றரை.

"எதுக்குய்யா கத்தினே?"

"பள்ளிக்கூடத்துக்கு நோட்டு அடிச்சுக் குடுத்த காசு சார்! செக்கைப் போட்டு ஒன்பது நாளாச்சு. சரிபார்க்கணும்னு பிடிச்சு வெச்சிட்டாங்க. அதை நம்பி நான் குடுத்த செக்கெல்லாம் திரும்புது. திரும்பினா அபராதம். அபராதத்தால இருப்பு குறைஞ்சா, அதுக்கொரு அபராதம்! என் காசைப் பூட்டி வெச்சிட்டு, காசில்லைன்னு என்னையே அடிக்கிறாங்க! மேனேஜர் பாவம், விடச் சொல்றேன், மூணு மணிக்கு வாங்கன்னார்..."

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு," என்றார் அக்கவுண்டன்ட்.

டிங்!

போனில் குறுஞ்செய்தி. 'செக் திரும்பியதற்கான அபராதம் ஐந்நூறு எடுக்கப்பட்டது.'

"பாத்தீங்களா சார்? பொணம் கிடக்கறப்பக் கூட!"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "இதெல்லாம் கம்ப்யூட்டரே எடுத்துக்குமோ?"

அக்கவுண்டன்ட் நெஞ்சை நிமிர்த்தினார். "அப்படி விடுவோமா சார்? எங்க கிளையில ஒவ்வொரு அபராதத்துக்கும் மேனேஜர் கட்டைவிரல் ரேகை வெக்கணும். இதோ, இந்த மெஷின்ல. ஒரு தப்பு வராது!"

இன்ஸ்பெக்டர் போனைத் திருப்பிக் காட்டினார்.

"எடுத்த நேரம் ரெண்டே முக்கால்னு போட்டிருக்கே?"

அக்கவுண்டன்ட் மெஷினை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"செத்தப்புறம் ரேகை வெச்சிருக்கார்... கடமை தவறாத மனுஷன்! ஆமா, ஒரு ஈ கூட உள்ள போகலைன்னியே... அப்ப அவர் விரலைப் பிடிச்சது யாரு?"

இஸ்திரி மடிப்பு வியர்வையில் நனைந்தது.

"மாசத்துக்கு இவ்வளவு அபராதம் வரணும்னு மேலிடத்துல இலக்கு சார்... எட்டினா பதவி உயர்வு... அதுக்குத்தான் செக்கையெல்லாம் பிடிச்சு வெச்சேன். இவர் எல்லாத்தையும் விடு, இல்லேன்னா மேலிடத்துக்கு எழுதுவேன்னார்... கை ஓங்கிட்டேன்..."

"கொன்னே, சரி. அதுக்கப்புறமும் எதுக்குய்யா அபராதம்?"

"மூணு மணிக்குக் கணக்கை மூடணும் சார். பாக்கி வெச்சுப் பழக்கமில்லை."

அக்கவுண்டன்ட் கையில் விலங்கு விழுந்தது. அச்சகக்காரர் வழிமறித்தார்.

"சார்! இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா என் செக்கு? அதை விடுவிக்க இவர் ரேகைதான் வேணும்!"

"இன்னும் மூணு வேலை நாள் இருக்கு..." முனகினார் அக்கவுண்டன்ட்.

"ஆறிப்போன விரலே வேலை செஞ்சிருக்கு. உன்னோடது சூடாத்தானே இருக்கு? வைய்யா!"

டிங்! பணம் கணக்கில் ஏறியது.

அச்சகக்காரர் வாசலுக்கு ஓடினார்.

"யோவ்! அந்த ஐந்நூறைத் திருப்பி வாங்கலையா?"

"அதுக்கு மேனேஜர் ரேகை வேணும் சார்..." ஓடிக்கொண்டே சொன்னார். "இனிமேலாவது அவரை நிம்மதியா இருக்க விடுங்க!"