அழித்த பிள்ளை

தங்கை தனுசியா குழந்தையோடு வந்து கதவைத் தட்டியபோது, நிலாணிக்குக் கடைசிப் பக்கம் மட்டுமே வரைய மிச்சமிருந்தது.

"பல்லு டொக்டரிட்டப் போட்டு ஓடி வாறன் அக்கா. பால் குடிச்சிட்டான். நித்திரையாத்தான் கிடப்பான்."

விட்பி நகரிலிருந்து டோர்செட் பார்க்கில் இருக்கும் அக்காவின் அடுக்குமாடிவரை காரோட்டி வந்த களைப்போடு அவள் லிஃப்டுக்கு ஓடினாள். நிலாணி குழந்தை லவனைக் கட்டிலில் கிடத்தி, சுற்றிலும் தலையணைகளை அணைகொடுத்துவிட்டுக் கணினித் திரைக்கு முன்னால் வந்து அமர்ந்தாள்.

பழைய ஜப்பானியப் பேய்க்கதைகளை அவள் சித்திரக்கதைகளாக்கிக்கொண்டிருந்தாள். இறுதிக் கதை, பிள்ளைப்பேற்றில் இறந்த ஒரு பெண்ணைப் பற்றியது. மழைநாட்களில் அவள் ஆற்றுப் பாலத்தில் தன் குழந்தையை ஏந்தியபடி நிற்பாள்.

புத்தகத்தின் பதிப்பாசிரியரான ஜோசப்பின் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"செத்த தாயின்ர கையில பிள்ளை வேண்டாம், நிலாணி. சின்னப் பிள்ளையளும் வாசிக்கிற புத்தகம்."

"ஓம், எடுத்துவிடுறன்."

மின்பேனாவால் அழித்தாள். முதலில் துணிச்சுற்று. பிறகு சின்னத் தலை. கடைசியாக ஒரு விரல். பெண்ணின் கைகள் மட்டும் எதையோ ஏந்தியதுபோல வளைந்தே நின்றன.

எங்கோ நீர் சொட்டியது.

குசினிக்குள் எட்டிப் பார்த்தாள்; தண்ணீர்க் குழாய் இறுகப் பூட்டியிருந்தது. வெளியே காய்ந்த குளிர், வெளிறிய வெயில். ஆனால் வீட்டுக்குள் ஆற்றுச் சேற்றின் மணம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

பாலம் இருந்தது. மழை இருந்தது.

பெண் இல்லை.

படுக்கையறையில் விழித்துச் சிணுங்கத் தொடங்கியிருந்த லவன் சட்டென்று அடங்கினான்.

நிலாணி ஓடினாள். குழந்தை மெத்தைக்கு மேலே, வெறும் காற்றில் கிடந்தது. தலை ஒரு முழங்கை மடிப்பில் சாய்ந்ததுபோலச் சாய்ந்திருந்தது. இடமும் வலமுமாக மெதுவாக ஆடியது. கீழே விரிப்பில் நீர் சொட்டியது. லவன் மேலே எதையோ பார்த்துச் சிரித்தான்.

"தாங்கோ," என்று முணுமுணுத்தாள். "அது என்ர தங்கச்சியின்ர பிள்ளை."

கையை நீட்டினாள். நனைந்த, குளிர்ந்த ஒரு கை அவள் கையைத் தள்ளியது.

பல்கணிக் கதவு தானாகத் திறந்தது. பதினோராவது மாடியின் காற்று உள்ளே பாய்ந்தது. குழந்தை கதவை நோக்கி நகர்ந்தது.

அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. திரைக்கு ஓடி வந்து, அழித்த பிள்ளையைத் திரும்ப வரைந்தாள். நெற்றி. மூடிய கண்கள். பொத்திய கை. துணிச்சுற்று.

அறைக்குள் பொத்தென்று ஒரு சத்தம்.

லவன் வீரிட்டு அழுதான். கட்டிலின் நடுவில் கிடந்தான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. திரையில் அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றாள். ஜோசப்பின் என்ன சொன்னாலும் இனி அதை அழிப்பதில்லை என்று நிலாணி முடிவெடுத்தாள்.

தனுசியா திரும்பி வந்தாள்.

"என்ன அக்கா, முகம் வெளிறிக் கிடக்கு?"

சொன்னால் யார் நம்புவார்கள்?

"ஒண்டுமில்லை. கவனமாக் கார் ஓடு."

சிறிது நேரத்தில் காரிலிருந்து தங்கை அழைத்தாள்.

"ஹைவேயில ஒரே டிராபிக் அக்கா. எண்டாலும் இவன் அழவேயில்லை. பின் சீட்டில கிடந்து சிரிக்கிறான்."

தங்கையின் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் தணிந்த குரலில் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டின் மொழி நிலாணிக்குப் புரியவில்லை.

"றேடியோ போட்டிருக்கிறியோ?"

"இல்லையே. ஏன்?"

தாலாட்டு நின்றது.