பாரிஸ்காரரின் புத்திமதி

சனிக்கிழமை, ஜூலை 10, 1976. காலை 11.10.

பெட்டியின் அடியில் நோட்டுப் புத்தகம் இல்லை. கல்யாணி சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். கம்பளிச் சட்டையின் கைகளுக்குள்கூடத் தேடினாள். மூன்று வருடம் உப்பு மண்ணில் கோதுமை வளர்த்து, வேர் வேராக அளந்து எழுதிய புத்தகம். பிரதி கிடையாது. மாலை நாலரைக்கு விமானம், செவ்வாயன்று பாரிஸ் மாநாட்டில் பேச்சு. புத்தகம் இல்லாமல் போய் என்னத்தைப் பேசுவது?

வழியனுப்ப வந்த சிறிதரனும் வாசுதேவனும், மெல்பேண் புறநகர் கிளேட்டனில் இருந்த அவளுடைய வீட்டு முன்னறையில் விறைத்து நின்றார்கள். இருவரும் அவளோடு ஒரே பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள். நேற்று மாலை அவள் பெட்டி அடுக்கி முடித்த பிறகும் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். வேறு யாரும் வீட்டுக்குள் வரவில்லை.

"பொலிசைக் கூப்பிடுவம்," என்றார் சிறிதரன்.

"அவையள் வந்து விசாரிச்சு முடிய பிளேன் போயிடும். நானே கேக்கிறன். வாசுதேவன், நேற்றுப் பெட்டியைத் தொட்டனீங்களோ?"

"ஆமா. எடை பார்த்தேன், வாரை இறுக்கினேன். திறக்கலைங்க."

"நீர் குசினியில தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்ட நேரம் இவர் தனியத்தான் இருந்தவர்," என்று சிறிதரன் எடுத்துக் கொடுத்தார்.

"நீங்கள்?"

"பிறகு கொஞ்ச நேரம் நானும் தனிய இருந்தனான். இதில ஒளிக்க என்ன கிடக்கு?"

"நான் போகாட்டி ஆர் போறது?"

"நான்தான். அதுக்காக?"

இரண்டு வருடம் முன்பு அவள் எழுதிய கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டு அனுப்பியவர் இந்த மனிதர். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். வஞ்சம் இன்றுவரை ஆறவில்லை. ஆனால் வஞ்சத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

11.40.

தோள்பையை விட்டு இறங்காத புத்தகம் பெட்டிக்குள் போனதே ஒரு கடிதத்தால்தான். சிறிதரனோடு சென்னையில் படித்த ஈஸ்வரமூர்த்தி இருபது வருடமாகப் பாரிஸ்வாசி. அவர் அவளுக்காகவே எழுதியது என்று போன கிழமை சிறிதரன் கொடுத்த தட்டெழுத்துத் தாளை எடுத்து மறுபடி படித்தாள்.

'கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காப்பியை நின்றபடி குடியுங்கள், உட்கார்ந்தால் விலை கூடும். மெட்ரோவில் கைப்பைத் திருடர் அதிகம். முக்கியமான தாள்களைப் பெட்டியின் அடியில் வையுங்கள். விடுதியில் வடக்குப் பார்த்த அறையாகக் கேளுங்கள். பகல் முழுக்க வெயில் விழும், துவைத்த சேலை ஒரே நாளில் காயும்.'

குசினியின் வடக்கு ஜன்னல் வெயிலில், கதிரை முதுகில் போட்ட துவாய் காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணி அதையே பார்த்தாள்.

"சிறிதரன் அண்ணை, உங்கடை ஈஸ்வரமூர்த்தி அவுஸ்திரேலியாவில இருந்தவரோ?"

"சீச்சீ. இந்தப் பக்கமே வந்ததில்லை."

"நிச்சயமாய்?"

"ஓம், நிச்சயமாய்."

"அப்ப இது அவர் எழுதினதில்லை. நீங்கள் எழுதினது. புத்தகத்தை எடுத்ததும் நீங்கள்."

"என்ன விசர்க் கதை!"

"வடக்கு ஜன்னலால வெயில் வாறது இஞ்ச, மெல்பேணில. பாரிஸில பகல் வெயில் தெற்கால. இருபது வருசம் அங்க குளிரில கிடந்த மனிசன் வடக்கு அறையைக் கேள் எண்டு சொல்லுவாரோ? யாழ்ப்பாணத்தில சூரியன் உச்சந்தலையில, எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான். இஞ்ச வீடு தேடி அலைஞ்சுதான் வடக்கு ஜன்னல் பழகினனாங்கள். அந்தப் பழக்கத்திலேயே எழுதிப்போட்டீங்கள். என்ரை தோளில தொங்கிற பையில கை வைக்க ஏலாது. பெட்டிக்கு மாத்த ஒரு பொய்க் கடிதம் வேணும்."

வாசுதேவன் போய்க் கதவை மறித்து நின்றார். சிறிதரனின் முகம் கறுத்துச் சிறுத்தது. ஐந்து நிமிடத்தில், வாசுதேவன் கூடவே போக, சிறிதரனுடைய காரின் பின்பெட்டியிலிருந்து புத்தகம் வந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும், கல்யாணி. பேராசிரியர் அறிஞ்சால் என்ரை வேலை போயிடும். மனிசி பிள்ளையளை நினைச்சுப் பாரும்."

பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் இருந்தது. போகட்டும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள். வயிறு குளிர்ந்திருந்தது, அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. பேராசிரியர் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் குரல் கேட்டதும் ரிசீவரைச் சிறிதரனிடம் நீட்டினாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

வாசுதேவன் பெட்டியைத் தூக்கினார். அவள் கையமர்த்தினாள். சிறிதரன் வாய் திறக்கும்வரை காத்திருக்க அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது.