கவுத்து வெச்ச சீட்டு

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தையல்கடை லீவுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன். நான் வேலை பாக்கிற கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்ற ரூமுக்குக் கருப்புத் திரை ஒண்ணு தைக்கணும். துணியை எடுத்து எத்தனையோ நாளாச்சு. தையல்காரர் கடைக்கு மேல மாடியிலதான் குடியிருக்கார், கையில குடுத்துட்டு வந்துடலாம்னு நினைச்சேன்.

முன்னால ஷட்டர் இறங்கியிருந்துச்சு. பக்கத்துச் சந்து வழியா பின்கதவுக்குப் போனேன். அங்க வாசப்படியில மூணு ஜோடி செருப்பு.

ஒண்ணு தையல்காரரோடது, குதிகால் ஒரு பக்கமா தேஞ்சது. இன்னொண்ணு லிஃப்டோடது. லிஃப்ட்னா அவன் பேரு இல்லைங்க, லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். "இவன் பொழப்பே மேல போறதும் கீழ வர்றதும்தான்"னு எங்க வீட்டுக்காரர் வெச்ச பேரு. மூணாவது வாத்தியோடது. டிரைவிங் ஸ்கூல்ல ஊருக்கே கார் ஓட்டக் கத்துக்குடுப்பான், ரோட்டைத் தாண்ட மட்டும் அடுத்தவன் சட்டையைப் பிடிச்சுக்குவான். இந்த மூணு பேரோட எங்க வீட்டுக்காரரும் சேந்தா நாலு. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாலேர்ந்தே ஞாயித்துக்கிழமைன்னா இந்தப் பின்ரூம், ரெண்டு சீட்டுக்கட்டு, ரம்மி.

எங்க வீட்டுக்காரர் பஸ் டிப்போவுல டைம் கீப்பர். ஊர் பஸ்ஸையெல்லாம் நிமிஷம் தப்பாம அனுப்புவாரு. வீட்டுக்கு மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமையும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல. போன் பண்ணினா ஒரே பதில்தான்: "கடைசி ஆட்டம்மா, இதோ வந்துடறேன்." அந்தக் கடைசி ஆட்டத்துக்குக் கடைசியே கிடையாது. நான் சோத்தை எடுத்து வெச்சு, மூடி வெச்சு, திரும்ப சூடு பண்ணி, அப்புறம் கோவத்துல நானே சாப்பிட்டுப் படுத்துடுவேன்.

போன மழைக்காலத்துல அந்த ரூம்லயே போய்ட்டாரு. ஆட்டத்துக்கு நடுவுல, நாற்காலியில உட்கார்ந்தபடியே, கையில பிடிச்ச சீட்டோட.

காரியமெல்லாம் முடிஞ்ச அன்னிக்கு இவங்க மூணு பேரும் எங்க வீட்டுல வந்து நின்னு அழுதாங்க. "இனிமே சீட்டைக் கையால தொடமாட்டோம் அண்ணி"ன்னு லிஃப்ட் சொன்னான். எனக்கே பாவமா இருந்துச்சு. ஆடுங்கடா, அவருக்கும் அதான் பிடிக்கும்னு நானே சொன்னேன். மூணு பேரும் தலையைத் தலையை ஆட்டினாங்க, முடியாதுன்னு. அதுக்கப்புறம் எப்பப் பாத்தாலும் அதே பேச்சுதான். தையல்காரர் போன வாரம்கூட தெருவுல நிறுத்திச் சொன்னாரு, "சீட்டா? அதையெல்லாம் மறந்தே போச்சு தங்கச்சி."

இப்ப செருப்பு மூணும் கண்ணு முன்னால கிடக்குது.

சுருக்குன்னுச்சு. ஆடினா ஆடிட்டுப் போங்கடா, அதுக்கு எதுக்கு எங்கிட்டப் பொய்? நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டுப் போகணும்னு கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடல.

உள்ள போனா முதல்ல துணிங்கதான். கம்பி கட்டி வரிசையா தொங்கவிட்டிருப்பாரு, கை வெக்காத சட்டை, காலர் இல்லாத கோட்டு. அதுக்கு அந்தப் பக்கம்தான் மேஜை. மெஷின் எண்ணெய் வாசனை, இஸ்திரி போட்ட ஈரத்துணி வாசனை. இது ரெண்டும் எப்பவும் இருக்கிறதுதான். அதோட இன்னொரு வாசனையும் வந்துச்சு.

லவங்கம்.

சிகரெட்டை விட்ட நாள்லேர்ந்து எங்க வீட்டுக்காரர் வாயில எப்பவும் ஒரு லவங்கம் இருக்கும். இவங்க மூணு பேர்ல யாரும் அதைத் தொடறதில்ல, பல் கூசும்பாங்க. நான் அந்தத் துணிங்களுக்கு நடுவுல அப்படியே நின்னுட்டேன்.

வாத்தி ஒரு சீட்டைப் போட்ட சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவன் குரல், சாதாரணமா, கிண்டலா.

"என்னண்ணே, ராணியைப் போட்டிருக்கேன். வேணாமா?"

டக். டக்.

விரல் முட்டியால மரத்துல தட்டற சத்தம்.

வாய் நிறைய லவங்கச் சாறு இருக்கும்ங்கிறதால அவரு ஆட்டத்துல பேசமாட்டாரு. ஒரு தட்டுன்னா சரி. ரெண்டு தட்டுன்னா வேணாம். அந்தத் தட்டை ஆயிரம் பேருக்கு நடுவுல வெச்சாலும் எனக்குத் தெரியும். முதல் தட்டு மெதுவா, ரெண்டாவது கொஞ்சம் அழுத்தி.

தொங்கின சட்டையை ஓரமா ஒதுக்கிப் பாத்தேன்.

மூணு பேரும் மூணு பக்கம். நாலாவது நாற்காலி காலி. அது முன்னால மேஜை மேல சீட்டு கவுந்து கிடந்துச்சு, பக்கத்துல ஒரு மூக்குக் கண்ணாடி.

நடுவுல இருந்த கட்டுலேர்ந்து மேல்சீட்டு தானா நகந்துச்சு. அவசரமே இல்லாம, தாயக்கட்டத்துல காயை நகத்தற மாதிரி, காலி நாற்காலி பக்கம் போச்சு. கொஞ்ச நேரம் அங்கயே நின்னுச்சு. அப்புறம் அதே சீட்டு திரும்பி வந்து நடுவுல விழுந்துச்சு.

"அட போங்கண்ணே"ன்னு லிஃப்ட் சிரிச்சான்.

சிரிக்கிறான்! எனக்குப் பயம் வந்திருக்கணும். வந்துச்சுதான். ஆனா பயத்துக்கு முன்னால வயிறுதான் எரிஞ்சுது.

ஏன்னா, அந்தக் கண்ணாடி என் கையால செஞ்சது. இடது லென்ஸ் ஓரத்துல ஒரு மயிரிழைக் கீறல் இருக்கும், வெட்டும்போது பட்டது. மாத்தித் தரேன்னா கேக்கமாட்டாரு. கடைசியா அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பும்போது அதை நான்தான் சட்டைப் பையில வெச்சேன். அவரோட போன கண்ணாடி, அது. இப்ப இந்த மேஜையில இருக்கு. அதுல மூச்சு பட்ட மாதிரி மங்கலாகுது, தெளியுது, மறுபடி மங்கலாகுது.

அவரு போனதுலேர்ந்து நான் வீட்டுல தாழ்ப்பாளே போடறதில்லைங்க. சொன்னா சிரிப்பீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகமாட்டாரான்னு கதவை வெறும சாத்திட்டுப் படுத்துக்குவேன். கனவுலகூட வரல மனுஷன். இங்க வந்து ரம்மி ஆடிட்டிருக்காரு.

"நல்லா இருக்குடா உங்க நியாயம்"னு சொன்னேன்.

வாத்தி கையிலேர்ந்து சீட்டு கொட்டிப்போச்சு. லிஃப்ட் எழுந்து சுவரோட ஒட்டிக்கிட்டான். தையல்காரர் மட்டும் அசையல.

"தங்கச்சி..."

"எத்தனை நாளா?"

"அவரு போன மறுமாசத்துலேர்ந்து. அந்த ஆட்டத்தைக் கலைக்க எங்களுக்கு மனசு வரலம்மா. அவங்கவங்க கையிலேர்ந்த சீட்டைக் கவுத்து அப்படியே வெச்சிருந்தோம். ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா வந்து உட்கார்ந்தோம். நாற்காலி நகந்துச்சு."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா? அவரு பொண்டாட்டி நான். தெருவுல பாத்தா வாய்நிறைய தங்கச்சின்னு கூப்பிடுறீங்களே!"

மூணு பேரும் அந்தக் கண்ணாடியைப் பாத்தாங்க. கண்ணாடி மங்கலாச்சு, தெளிஞ்சுச்சு.

லிஃப்ட்தான் ரகசியம் சொல்ற மாதிரி ஆரம்பிச்சான். "கேட்டோம் அண்ணி. சத்தியமா கேட்டோம். அண்ணிகிட்ட சொல்லட்டுமான்னு அவருகிட்டயே கேட்டோம்."

"என்ன சொன்னாரு?"

அவன் தரையைப் பாத்தான். தையல்காரர் மேஜையில கையை வெச்சு, விரல் முட்டியால தட்டிக் காட்டினாரு.

ரெண்டு தடவை.

இவங்க ஏமாத்தினதைக்கூட தாங்கிக்கலாம். இவங்க மூணாவது மனுஷங்க. அந்த ரெண்டு தட்டுதான் என் கழுத்தை அறுத்துச்சு. கோவத்துல எனக்குக் கண்ணே தெரியல. நேரா போய் அவரு முன்னால கிடந்த சீட்டை எடுத்தேன்.

"தொடாதம்மா!"ன்னு தையல்காரர் கத்தினாரு.

சீட்டு சூடா இருந்துச்சு, இத்தனை நேரம் யாரோ இறுக்கிப் பிடிச்சிருந்த சூடு. விரிச்சுப் பாத்தேன். எனக்கும் ரம்மி தெரியும். அவரேதான் கத்துக்குடுத்தாரு, கல்யாணம் ஆன புதுசுல.

எல்லாம் சேந்திருந்துச்சு. ஒரு சீட்டு குறை கிடையாது, ஜோக்கர்கூடத் தேவைப்படல. ஜெயிச்ச கை. மேஜையில விரிச்சுக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

"இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

வாத்தி தொண்டையைச் செருமினான். "அவரு போன அன்னிலேர்ந்தேதான் அண்ணி. எடுக்கிற சீட்டையே திரும்பத் திரும்ப போட்டுட்டிருந்தாரு. எங்களுக்குப் புரியாதா? முன்னாலயும் இப்படித்தான், சேந்தாலும் காட்டமாட்டாரு. காட்டினா ஆட்டம் முடிஞ்சுடும்ல."

ஆட்டம் முடிஞ்சா வீட்டுக்குப் போகணும்ல. அதை அவன் சொல்லல. சொல்லவேண்டிய அவசியமும் இல்ல. இத்தனை வருஷம் நான் சூடு பண்ணிச் சூடு பண்ணி வெச்ச சோறு அத்தனையும் அப்ப என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கடைசி ஆட்டம்மா, இதோ வந்துடறேன். கையில ஜெயிச்ச சீட்டை வெச்சுக்கிட்டு எங்கிட்ட அதைச் சொல்லியிருக்காரு. இவங்களும் தெரிஞ்சுக்கிட்டே கூட ஆடியிருக்காங்க.

லவங்க வாசனை திடீர்னு ரொம்பக் கிட்ட வந்துச்சு. என் காதோரம்.

டக். டக்.

டக். டக். டக். டக்.

வேணாம், வேணாம்ங்கிறாரு.

"வேணும்"னு சொன்னேன். சீட்டு மொத்தத்தையும் மேஜையில விரிச்சு வெச்சேன். "ஆட்டம் முடிஞ்சாச்சு. கிளம்புங்க வீட்டுக்கு."

காலி நாற்காலி பின்னால நகந்து சுவத்துல இடிச்சுது. அப்புறம் ஒண்ணும் இல்ல. லவங்க வாசனையும் போச்சு. தையல்காரர் முகத்தை மூடிக்கிட்டு அழ ஆரம்பிச்சாரு. அன்னிக்கு எங்க வீட்டுல அழுததைவிட அதிகமா அழுதாரு. நான் கண்ணாடியை எடுத்துக் கைப்பையில போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். திரைத்துணியை அங்கயே விட்டுட்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததுமே தெரிஞ்சுது. லவங்கம்.

வந்துட்டாரு! எனக்கு அப்ப வந்த சந்தோஷத்தை என்னன்னு சொல்ல? கோவம், ரோஷம் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. கண்ணாடியைச் சாப்பாட்டு மேஜையில என் நாற்காலியைப் பாக்கிற மாதிரி வெச்சேன். ரெண்டு டம்ளர்ல டீ போட்டேன். கடைக்கதை, பக்கத்து வீட்டுக்கதை, பைப் ஒழுகறதுன்னு மூச்சு விடாமப் பேசினேன். கண்ணாடி மங்கலாச்சு, தெளிஞ்சுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காருன்னு நினைச்சேன்.

"இனிமே இங்கயே இருப்பீங்கல்ல?"

டக்.

ஒரு தட்டோட நின்னுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

டக்.

ரெண்டாவது. கொஞ்சம் அழுத்தி.

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அவரு போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் முதல் தடவையா போட்டேன். திரும்பி வந்து பாத்தா கண்ணாடி என் பக்கம் இல்ல, வாசக்கதவைப் பாத்து இருந்துச்சு. திருப்பி வெச்சேன். துணி துவைச்சுட்டு வந்தா மறுபடி கதவைப் பாத்து இருக்கு. தினமும் இதே கதைதான், நான் திருப்பறதும் அது திரும்பறதும். பேச்சு கிடையாது. எதைக் கேட்டாலும் தட்டறதுகூட இல்ல இப்ப.

நேத்து தையல்காரர் போன் பண்ணினாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவங்க உட்கார்ற நேரம்.

"தங்கச்சி, புதுசாக் கலைச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கோம். அவரு வரல. ரெண்டு வாரமா வரல. உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"எங்க வீட்டுக்கா? இங்க யாருண்ணா வரப்போறா? எனக்கு அவரு முகமே மறந்துபோச்சு."

அவரு போனை வெக்கல. அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டாரு. "பின்னால என்னம்மா சத்தம், உங்க வீட்டுல?"

"காத்துண்ணா."

அப்ப வீட்டுல ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு. நான் போனை வெச்சுட்டுத் திரும்பினேன். வாசக்கதவுத் தாழ்ப்பாள், உள்பக்கத் தாழ்ப்பாள், யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி கிடந்து ஆடிக்கிட்டே இருந்துச்சு.