பிராதில் எழுதிய பெயர்

"பாலு பத்தலையா? இல்ல, வாங்கியாரச் சொல்லி இன்னொரு புள்ளய அனுப்பணுமா?"

மாமியார் மங்கம்மா காப்பி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதைக் கேட்டாள். காலை ஆறரை மணி. கடலூர் புதுப்பாளையத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இன்னும் கதவு திறக்கவில்லை. இரண்டு வருடமாக இந்த வீட்டில் பால் என்ற சொல்லால் மருமகள் புஷ்பவள்ளியை ஒரு குத்துக் குத்தாமல் யாருக்கும் காப்பி இறங்குவதில்லை. அவள் அந்த டம்ளரை எடுத்துப்போய் வேறு கலந்துகொண்டு வந்து வைத்தாள்.

நடந்தது இதுதான். பிளஸ் டூ மார்க் வந்த அன்று மாலை மகன் அரசுவைப் பார்த்து அவன் அப்பா தமிழ்மணி, "என் மூஞ்சியிலயே முழிக்காத, எங்கயாச்சும் போய்த் தொல!" என்று கத்தினார். பையன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஒன்றரை மணி நேரம் கழித்து ஆலப்பாக்கம் ரோட்டில் லாரி மோதிக் கிடப்பதாகப் போன் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தமிழ்மணி மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "புஷ்பா... நான்தான் துரத்தினேன்னு தெரிஞ்சா எங்கம்மா உசுர வுட்டுடும். நம்ம பொண்ணு மதி என் மூஞ்சியப் பாக்காது... என்னைக் காப்பாத்துடி!"

பெற்ற வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அவள் அவருக்காக யோசித்தாள், பாவி! தம்பியைப் பறிகொடுத்த மகள் அப்பனையும் பறிகொடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "நான்தான் பால் வாங்க அனுப்பினேன்" என்றாள்.

பால் வாங்கப் போன பையன் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஆலப்பாக்கத்தில் ஏன் கிடந்தான் என்று மகள் இளமதி ஒருத்திதான் கேட்டாள். "தெரியலடி" என்று புஷ்பவள்ளி சொன்னதோடு அந்தக் கேள்வியும் செத்தது. மற்றவர்களுக்குப் பழி போட ஆள் கிடைத்துவிட்டது, கிலோமீட்டர் யாருக்கு வேண்டும்? இளமதி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனவள், அன்றைக்குப் பிறகு அம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டதே இல்லை. லீவுக்கு வந்தாலும், "சாப்பாடு இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். மாமியார் குத்தினதைத் தாங்கின புஷ்பவள்ளியால் இதைத் தாங்க முடியவில்லை.

தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. போன மாதம் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். பரிசோதித்த டாக்டரம்மா, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்று சிதம்பரத்தில் காயத்ரி என்ற உளவியல் ஆலோசகரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

புஷ்பவள்ளி மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் போன் செய்தாள். "நான் மாத்திரை தர்ற டாக்டர் இல்லம்மா, பேசறதுதான் வைத்தியம்" என்றார் காயத்ரி. "ஒரே நாள்ல தீர்ந்துடும்னு நெனச்சி வராதீங்க. நாலு தடவை, ஆறு தடவை ஆவும். நீங்க சொல்றது என்னைத் தாண்டிப் போவாது. உங்க உசுருக்கோ இன்னொருத்தர் உசுருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும்தான் வேற ஒருத்தருக்குச் சொல்லுவேன், அதையும் உங்களுக்குச் சொல்லிட்டுத்தான். சொல்லப் பிடிக்காததைச் சொல்ல வேணாம். என்னையே பிடிக்கலன்னா வேற ஆளு மாத்திக்கலாம், நான் கோவிச்சிக்க மாட்டேன். முடிஞ்சா மனசுல இருக்கறத ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க."

தாளில் எழுது என்றால் புஷ்பவள்ளிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பிறந்தது விருத்தாசலம் பக்கம். அங்கே மனக்குறை உள்ளவர்கள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், பேர், ஊர், எதிரி யார், அவன் செய்த குற்றம் என்ன என்று பிராது எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரித்து நியாயம் வழங்கும் என்பது நம்பிக்கை. பிராது கட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் எதிரிக்கு அன்று முதல் தூக்கம் இருக்காது. அதே முறையில் அவளும் எழுதி, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் காயத்ரி வரச் சொல்லியிருந்தார். மகளைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமைதான் இது.

"டேய் தமிழு! இங்க வாடா! உன் பொண்டாட்டி பண்ணியிருக்கற காரியத்தப் பாரு!"

கணவனோடு வாழாமல் பிறந்த வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார் சந்திரலேகா, ஹேர்பின் தேடுகிறேன் என்று புஷ்பவள்ளியின் கைப்பைக்குள் கை விட்டிருந்தாள். அடுத்தவள் பையில் கை விடுவது இந்த வீட்டில் தப்பே இல்லை.

"பிராது எழுதி வெச்சிருக்காடா! நம்ம குடும்பத்து மேல பிராது கட்டப் போறா!"

"ஐயோ!" என்று மங்கம்மா மார்பில் கை வைத்தாள். "யாரு மேலடி? எம்மேலயா?"

"அண்ணி, அதைக் குடுங்க..." புஷ்பவள்ளி ஓடி வந்தாள்.

சந்திரலேகா தாளை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள். "பிராது செய்பவர் புஷ்பவள்ளி, புதுப்பாளையம். எதிரி..." அவள் நின்றாள். மறுபடி படித்துப் பார்த்தாள். "எதிரி, புஷ்பவள்ளி, புதுப்பாளையம்! தன் மேலயே பிராது எழுதியிருக்கா! அம்மா, இவளுக்கு நெசமாவே பைத்தியம் புடிச்சிடுச்சி!"

"குத்தம் என்னான்னு போட்டிருக்கா?" என்றாள் மங்கம்மா.

"குற்றம், பொய் சொன்னது. என் மகன் இறந்த அன்று நான்..."

தமிழ்மணி பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினார். நான்காகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, சிங்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். அந்த அவசரம் எதற்கு என்று அங்கே இருந்த ஒருத்திக்குத்தான் தெரியும், அல்லது அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பின? உண்மையச் சொல்லு!" என்றார் தமிழ்மணி.

"சிதம்பரத்துல ஒரு கவுன்சிலிங் அம்மா, மாமா... டாக்டர்தான் எழுதிக் குடுத்தாங்க. எனக்குத் தூக்கம் வரல மாமா... செத்துடுவேனோன்னு பயமா இருக்கு..."

"எல்லாரும் போவோம்" என்றாள் சந்திரலேகா. "குறி கேக்கப் போனாலும் வூட்டு ஆளுங்கதானே கூட நிப்பாங்க? இவ தனியாப் போனா நம்ம மேல இல்லாததையும் பொல்லாததையும் சொல்லுவா. அந்தம்மா முன்னாடி நாம உக்காந்து இவ லட்சணத்தை எடுத்துச் சொல்லுவோம். அதுவும் நாலு வார்த்தை நல்லாத் திட்டி அனுப்பட்டும்!"

ஆலோசனைக்கும் பஞ்சாயத்துக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பம். மூன்று பேரும் உடை மாற்றிக்கொண்டு காரில் ஏறினார்கள். புஷ்பவள்ளியைப் பின்சீட்டில் நாத்தனாருக்கும் மாமியாருக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். ஆலப்பாக்கம் வந்தபோது மங்கம்மா கண்ணாடியை இறக்கி, "இங்கதானேடி என் ராசா கெடந்தான்? நல்லாப் பாத்துக்க" என்றாள். புஷ்பவள்ளி பார்த்தாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் மட்டும் திரும்பவில்லை.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடி அறை. வெளியே நான்கு நாற்காலிகள். காயத்ரிக்கு நாற்பது வயது இருக்கும், காட்டன் புடவை. வந்தவர்களைப் பார்த்துவிட்டு, "புஷ்பவள்ளி மட்டும் வாங்க" என்றார்.

"நான் அவ நாத்தனாரு. அவளுக்குப் பேசத் தெரியாது, நான்தான் சொல்லணும்" என்றாள் சந்திரலேகா.

"தெரியலன்னா சும்மா உக்காந்திருக்கட்டும்மா. ஐம்பது நிமிஷம் அவுங்களோடது."

"என்னா பேசுனான்னு எங்களுக்குச் சொல்லுவீங்கல்ல?" என்றார் தமிழ்மணி.

"சொல்ல மாட்டேன் சார்."

கதவு மூடியது. உள்ளே புஷ்பவள்ளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "பிராது எழுதியிருந்தேம்மா. கிழிச்சிட்டாங்க. நான் வாயால சொல்றேன், நீங்களே விசாரிச்சி ஒரு நியாயம் சொல்லிடுங்க."

"நான் நியாயம் சொல்ற ஆளு இல்லம்மா. கேக்கற ஆளு."

"அப்போ எதுக்கும்மா வந்தேன்?" என்று கேட்டவள், அடுத்த நொடியே உடைந்தாள். இரண்டு வருடத்து அழுகை! காயத்ரி நடுவில் பேசவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டுப் புஷ்பவள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். மார்க், கத்தல், பைக் சாவி, வராந்தா, பால். தன் வாயாலேயே தன் மகன் சாவை மாற்றிச் சொன்னதையும் சொன்னாள். "எம் பொண்ணு என்னை அம்மான்னு கூப்புடல... அவ அப்பாவைக் காப்பாத்தப் போயி நான் அவளைத் தொலைச்சிட்டேம்மா..."

"இதுல உங்களுக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார் காயத்ரி.

இருபத்தைந்து வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எம் பொண்ணுக்குத் தெரியணும்."

"அதை எப்போ, எப்படிங்கறது உங்க முடிவு. அவசரம் இல்ல. அடுத்த வியாழக்கிழமையும் வாங்க."

வெளியே வந்ததும் சந்திரலேகா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி சொன்ன? என் தம்பி மேல என்னா பழிய போட்ட?"

"அது எனக்கும் அவுங்களுக்கும் அண்ணி."

தமிழ்மணியின் கை ஓங்கி வந்து கன்னத்தில் விழுந்தது. "திமிரா? சொல்லுடி! என்னா சொன்ன?"

புஷ்பவள்ளி கன்னத்தைத் தடவக்கூட இல்லை. மூலை நாற்காலியிலிருந்து மங்கம்மாதான் பேசினாள். "வுடுடா. அவ என்னா சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ அந்தப் புள்ளய வெளிய போடான்னு கத்தினப்போ நான் உள் ரூம்புல முழிச்சித்தான் படுத்திருந்தேன்."

தமிழ்மணி அம்மா பக்கம் திரும்பினார். சந்திரலேகாவின் வாய் திறந்தபடி நின்றது.

"தெரிஞ்சே... தெரிஞ்சேவா அத்தை?" புஷ்பவள்ளி மாமியாருக்கு எதிரே வந்து நின்றாள். "தெனம் காலையில பாலு பாலுன்னு... தெரிஞ்சேவா கேட்டீங்க?"

"பின்ன? அவன் நான் பெத்தவன். பழி அவன் மேல வுழுந்தா அவன் தாங்க மாட்டான். நீ வேத்து வூட்டுப் பொண்ணு, தாங்குவ." மங்கம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "தாங்குனல்ல?"

இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமே இல்லை. யார் உயிர் போய்விடும் என்று புஷ்பவள்ளி பொய் சொன்னாளோ, அந்தக் கிழவிதான் அந்தப் பொய்யை எடுத்துத் தினமும் அவளைக் குத்தியிருக்கிறாள்.

தமிழ்மணி அப்படியே சரிந்து மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டார். "புஷ்பா... நான் மனுசனே இல்ல... மன்னிச்சிடு புஷ்பா..."

"எங்கிட்ட வேணாம் மாமா" என்றாள் புஷ்பவள்ளி. குரலில் கோபம்கூட இல்லை. "மதிக்குப் போனு போடுங்க. இப்பவே. நான் கேக்கற மாதிரி பேசுங்க."

"வேணாண்டா! பொட்டப் புள்ள கிட்டயா?" என்றாள் மங்கம்மா.

அவர் போட்டார். ஸ்பீக்கரில் மகளின் "சொல்லுப்பா" கேட்டது. பாசமான குரல். அந்தப் பாசம் இன்னும் ஒரு நிமிஷம்தான் என்று தெரிந்தே அவர் சொன்னார். "மதி... உங்கம்மா அவனைப் பாலு வாங்க அனுப்பல. நான்தான் அவனை வெளிய போன்னு துரத்தினேன். என்னைக் காப்பாத்தத்தான் அவ அப்படிச் சொன்னா..."

"அம்மா கிட்ட குடு" என்றாள் இளமதி.

"மதி..."

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" அது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. "ஆலப்பாக்கத்துல ஏன் கெடந்தான்னு உன்னைக் கேட்டேனே! தெரியலன்னியே! ரெண்டு வருஷம் உன்னை வெறுக்க வுட்டியே! அப்பாவைக் காப்பாத்தின, என்னை யாரும்மா காப்பாத்தறது? உன்னை நான் என்னென்ன பேசினேன்... அதையெல்லாம் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"மதி, அம்மா தப்புதாண்டி... தப்புதான்..."

"எங்க இருக்க?"

"தெற்கு வீதியில."

"அங்கயே இரு. வரேன்."

ஆட்டோ இருபது நிமிடத்தில் வந்தது. இறங்கிய மகள் அப்பாவைத் தாண்டி, பாட்டியைத் தாண்டி நேராக வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கன்னம் ஏம்மா செவந்திருக்கு?" என்று கேட்டாள். அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளே தெரிந்துகொண்டு இன்னும் இறுக்கிக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி இரண்டு பேரும் அழுதார்கள்.

"அம்மா எங்கூட வரட்டும்" என்றாள் இளமதி. "பக்கத்துலயே ரூம்பு பாத்துக்கறேன். வாரா வாரம் இங்க வரணும்ல."

தமிழ்மணி தலை நிமிரவில்லை. சந்திரலேகா முதல் ஆளாகக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். மங்கம்மாதான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, உண்மையிலேயே புரியாதவளாகக் கேட்டாள். "இவ வரலன்னா... ராத்திரிக்குச் சோறு யாரு ஆக்கறது?"

புஷ்பவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பெத்தவரை ஆக்கச் சொல்லுங்க அத்தை. தாங்குவாரு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.