சாப்பாட்டு மேஜைப் பேய்

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு இன்பவல்லியின் கழுத்தைத் தொட்டது. அவள் நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டு, "பழைய சரக்கு" என்றாள். காதுக்குள் பதித்திருந்த ஒலிமணி அதை அவளது பட விமர்சனத்தின் 'பலவீனங்கள்' பகுதியில் குறித்துக்கொண்டது.

எண்ணூர்க் கடலுக்குள் தூண்கள்மேல் நிற்கும் அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளில் ஏதாவதொரு பேய் உலவிக்கொண்டுதான் இருக்கும். திரையரங்குகளை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கண்ணில் ஒட்டும் காட்சிப்படலமும் ஒலிமணியும் இருந்தால் போதும், பார்ப்பவரின் வீடே படமாகிவிடும். நடுவில் உள்ளே வரும் நிஜ மனிதர்களையும் படம் விட்டுவைக்காது. நிறத்தை மங்கடித்து, குரலைக் கிணற்றுக்குள் தள்ளிவிடும். படலத்தில் பதிவு செய்யாத முகத்தைக் காட்டக் கூடாதென்று சட்டம் இருப்பதால் முகத்தையும் அழித்துவிடும். இந்தத் தொல்லைக்காகவே விமர்சகர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தனியாக உட்காருவார்கள்.

இன்பவல்லியும் காலி செய்திருந்தாள். நிலவுச் சுரங்கத்திலிருந்து விடுப்பில் வந்த கணவன் தணிகாசலத்தை, விண்கப்பல் இறங்குதுறையிலிருந்தே அவன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சுரங்க வேலையை இன்னொரு தவணை நீட்டிப்பதா, விட்டுவிட்டு அவளோடு இருப்பதா என்று அவன் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

"உன்கிட்ட பேசணும் வல்லி."

"படம் முடியட்டுங்க. அப்புறம் எவ்வளவு வேணா பேசலாம்."

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அவன் எங்கே போய்விடப்போகிறான் என்று நினைத்தாள், அவ்வளவுதான். புதுப் படலத்தில் அவன் முகத்தைப் பதிவு செய்யவும் அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

'வாடகைக்கு இல்லை' என்ற அந்தப் படத்தில் நல்ல இடங்கள் இருந்தன. மாடியே இல்லாத வீட்டின் கூரைமேல் யாரோ அம்மி அரைக்கும் சத்தம் அவளையே அசைத்தது. ஆனால் பேய் ஏன் பேயானது என்ற முன்கதை இழுவை. சமையல்காரர் சிரிப்புக் காட்சிகள் கழுத்தறுப்பு.

மறுநாள் காலை அவள் மேஜைமுன் உட்கார்ந்தபோது எதிர் நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. பாயவில்லை, பல்லைக் காட்டவில்லை. இரண்டு தட்டு வைத்து இட்லி பரிமாறியது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நான் போகட்டுமா?" என்றது கிணற்றுக் குரல்.

பேயோடு பேசினால் காட்சி கெட்டுவிடும். அது வெகுநேரம் காத்திருந்தது. பிறகு அதன் தோள்கள் குலுங்கின.

"பலம்: இசையே இல்லை. வசனம் ஒரே வரி, பிரமாதம்" என்று ஒலிமணியிடம் சொன்னாள். "பலவீனம்: அழுகை நீளம். பாதியா வெட்டலாம்."

குலுங்கல் சட்டென்று நின்றது. அது எழுந்து போய்க் கதவை ஓசையில்லாமல் சாத்தியது. சாத்திய விதத்தையும் அவள் பாராட்டினாள்.

விமர்சனத்தை அனுப்பிய அன்று மாலை, படக் கம்பெனியிலிருந்து ரெஹானா கூப்பிட்டாள்.

"மேடம், விமர்சனம் சூப்பர். ஆனா சாப்பாட்டு மேஜைப் பேய்னு எழுதியிருக்கீங்களே, அப்படி ஒண்ணு நம்ம படத்துல இல்லையே?"

இன்பவல்லி படலத்தைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தணிகாசலத்தைக் கூப்பிட்டாள். இணைப்பு கிடைக்கவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"உன்னப் பாக்காம இருக்க முடியலன்னு அங்கதானேம்மா வந்தான்? அப்புறம் வேலைய நீட்டிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொன்னான். கப்பல் கிளம்பிடுச்சே!"

வெறும் வீட்டில் அவள் அலறினாள். கழற்ற மறந்த ஒலிமணி அந்த அலறலை அளந்து கம்பெனிக்கு அனுப்பியது. அதுவரை எந்தப் பேய்ப் படத்துக்கும் கிடைக்காத அச்ச அளவு அது. கம்பெனி சும்மா இருக்குமா? அலறலையும் அவள் பாராட்டையும் விளம்பரத்தில் போட்டது.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சாப்பாட்டு மேஜைப் பேய்க்காகவே வாங்கினார்கள். அது படத்தில் இல்லையென்று ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் வந்தது, பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். தங்கள் வீட்டில் அது சின்னக் குழந்தையின் உருவத்தில் வந்ததாகச் சொன்ன சிலர், கூடுதலாக ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.